மாஸ்டரின் கால்

சாப்பிட்டுவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கியபோது பட்டறையின் பின்சுவர் சிவந்து கிடந்தது. ஏதோ தீப்பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு பார்த்தால், மகளுக்காக வாங்கி நிறுத்தியிருந்த சின்னக் காரின் பிரேக் லைட் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. கார் வாசலைப் பார்த்து நின்றது, முதுகு சுவருக்கு. அந்தச் சிவப்பு, சுவரில் தொங்கிய பழைய பெல்ட்டுகள் மேலும் வயர்ச் சுருள்கள் மேலும் போன வருடத்துக் காலண்டர் மேலும் வழிந்திருந்தது. சாவி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. வண்டிக்குள் யாரும் இல்லை.

"எவன்டா உள்ள பூந்தது?" என்று கத்தினார்.

ஆள் இல்லாத இடத்தில் கத்துவது அவருக்குப் புதிதல்ல. தெருவில் அவருக்குப் பெயரே பட்டாசு. கார்களுக்கு வயரிங் பார்க்கிற எலெக்ட்ரீஷியன். இருபத்தெட்டு வருடத் தொழில். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் அப்படி இப்படி. ஒரு ஸ்க்ரூ கழல மறுத்தால் அந்த ஸ்க்ரூவின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டுத்தான் அடுத்த ஸ்க்ரூவைத் தொடுவார். கோபம் வந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பது அவருடைய கட்சி. இன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்தே ஆகவேண்டும். ஆறு மணிக்கு மகள் வருவாள்.

நாளைக்கு அவளுக்குப் புது வேலை. ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிற ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடம், விடியற்காலை ஐந்தரைக்கு ஷிஃப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஆட்டோக்காரனை நம்பி இருட்டில் பெண்ணை அனுப்ப அவருக்கும் மனசில்லை, அவர் மனைவிக்கும் மனசில்லை. அதனால்தான் இந்தக் கார். அவருடைய தங்கை புருஷன் நடத்துகிற டிரைவிங் ஸ்கூலில் ஆறு வருடம் ஓடிய வண்டி. மகள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் இதில்தான். "இதுன்னா எனக்குப் பழகின வண்டிப்பா" என்று அடம்பிடித்து வாங்க வைத்தாள்.

டிரைவிங் ஸ்கூல் வண்டி என்றால் ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் கற்றுக்கொடுக்கிறவர் மிதிப்பதற்கு. அந்த இரண்டாவது பெடலையும், அதை இந்தப் பக்கத்துப் பெடலோடு சேர்க்கிற கம்பியையும் இன்று காலையில்தான் அவர் கழற்றி எடுத்துப் போட்டார். மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். எதற்கு? அப்பன் கையில் ஸ்பேனர் இல்லையா? பெண்ணுக்குக் கொடுக்கிற வண்டியில் அடுத்தவன் கை வைப்பதா?

அதெல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. இப்போது இந்த லைட்.

பிரேக் லைட்டின் வேதாந்தம் மிகச் சின்னது. பெடலை மிதித்தால் எரியும், காலை எடுத்தால் அணையும். பெடலுக்கு மேலே கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. பெடல் மேலே வந்து நிற்கும்போது அதில் ஒட்டியிருக்கிற ஒரு ரப்பர் பொத்தான் சுவிட்சை அமுக்கிப் பிடிக்கும். அந்த ரப்பர் நாள்பட நாள்பட மக்கிப் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அமுக்க ஆள் இல்லாமல் லைட் அணையாது. பத்து வண்டியில் எட்டு வண்டிக்கு இதுதான் வியாதி, ஒரு ரப்பர்தான் மருந்து.

கதவைத் திறந்து, தரையில் சாக்கை விரித்து, மல்லாந்து படுத்துத் தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தார். வெளியே மூன்று நாளாக விடாத மழை தகரக் கூரையில் ஒரே சுருதியில் கொட்டிக்கொண்டிருந்தது. காருக்குள் பழைய மிதியடியின் ஈர வாடை, ஸ்டியரிங் கிரீஸின் வாடை, அதற்கும் அடியில் நெற்றியில் தடவுகிற தலைவலித் தைலத்தின் காரமான வாடை ஒன்று மெல்ல மூக்குக்குள் ஏறியது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு விரலால் தடவினார். ரப்பர் இருந்தது. புத்தம்புதுசாக, கெட்டியாக, பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது.

"சரி, சுவிட்சு" என்றார் டார்ச் நழுவ.

புது சுவிட்சை மாட்டினார். லைட் எரிந்தது. அதைக் கழற்றி இன்னொரு புது சுவிட்சை மாட்டினார். எரிந்தது. ஃபியூஸைப் பிடுங்கினார், அணைந்தது, போட்டார், எரிந்தது. டெஸ்ட் லேம்பை வைத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். எல்லா வயரும் யோக்கியமாக இருந்தன. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வயர் எரிந்து கிடந்தால் திட்டலாம், எலி கடித்திருந்தால் எலியைத் திட்டலாம். எல்லாம் ஒழுங்காக இருக்கிறபோது ஒரு மனிதன் யாரைத்தான் திட்டுவது?

அப்போதுதான் தைல வாடை யாருடையது என்று ஞாபகம் வந்தது.

மாஸ்டருடையது. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்தவர், ஆறு வருடமும் இந்த வண்டியின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தவர். ஒல்லியான மனிதர், நெற்றியில் எப்போதும் தைலம் பளபளக்கும். ஊரே அவரை பிரேக் மாஸ்டர் என்றுதான் சொல்லும். நாய் குறுக்கே வந்தால் மிதிப்பார், நாய் வருமோ என்று தோன்றினாலும் மிதிப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரேக் லைட் சுவிட்ச் தேய்ந்துபோய் இந்தப் பட்டறைக்குத்தான் வண்டி வரும். "உங்க காலைக் கட்டிப்போட்டாத்தான் மாஸ்டர் இந்த வண்டி உருப்படும்" என்று பட்டாசு கத்துவார். மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "என் கால் இருக்கறதாலதான் சார் நாலு பேரு வீட்டுக்குப் போறாங்க" என்பார். மகள் லைசன்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை ஃபெயிலானதும் இந்த மனிதர் பழக்கிய பயத்தால்தான் என்பது பட்டாசின் தீர்மானம். மூன்று வாரத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று தங்கை புருஷன் சொன்னான். பட்டாசு ஒரு மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

"என்ன பட்டாசு, இன்னிக்கு சத்தம் பலமா இருக்கு?"

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர், தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"வந்தீங்களே, கை கொடுங்க. வண்டியை ரெண்டடி முன்னால தள்ளணும். பின்னால போய் லைட்டைக் கழட்டிப் பார்க்கறேன்."

இரண்டு பேரும் கதவோரங்களில் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். பட்டறைத் தரையே வாசலைப் பார்த்து லேசாகச் சரிந்ததுதான். வாசலைத் தாண்டினால் தெரு நேராகக் கீழே இறங்கும். அடியில் கண்டெய்னர் லாரிகள் ஓடுகிற பெரிய ரோடு. இறக்கத்தில் சின்னப் பிள்ளை தொட்டாலே உருள வேண்டிய வண்டி அசையவில்லை.

"ஹேண்ட் பிரேக்கை எடுத்தீங்களா?"

"எடுக்காம தள்ளுவேனா? நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

"கோவப்படாதீங்க. கியர்?"

"நியூட்ரல்!"

பஞ்சர்காரர் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கிண்டல் இல்லை.

"யாரோ உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சு வச்சிருக்கற மாதிரில்ல இருக்கு" என்றார். பிறகு தனக்குக் கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, பையை மறுபடி தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அவர் கடையில் ஆள் யாரும் இல்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது.

"போய்யா, பயந்தாங்கொள்ளி" என்று அவருடைய முதுகைப் பார்த்துத் திட்டிவிட்டு, பட்டாசு ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு மறுபடி சாக்கில் படுத்தார். இந்தத் தடவை டார்ச்சைச் சுவிட்சுக்குக் காட்டவில்லை. பெடலுக்குக் காட்டினார்.

பெடல் மேலே இல்லை. முக்கால்வாசி தூரம் கீழே இறங்கி நின்றது.

இவ்வளவு நேரம் இதைக் கவனிக்காமலா இருந்தோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஸ்பிரிங் போயிருக்கும், வேறென்ன. விரலைக் கொடுத்து மேலே தூக்கினார். கனமாக வந்தது. மேலே தொட்டதும் டிக் என்று சுவிட்ச் பேசியது, பின்சுவர் இருண்டது. விரலை எடுத்தார். பெடல் ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது. ஸ்பிரிங் போன பெடல் தொப்பென்று விழும், இது விழவில்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்களே, மெதுவா, இன்னும் மெதுவா, முட்டையை மிதிக்கற மாதிரி, என்று. அப்படி இறங்கியது.

சுவர் சிவந்தது.

மறுபடி தூக்கினார். இந்தத் தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு அழுத்தம் வந்தது. இரும்பின் பிடிவாதம் அவருக்குத் தெரியும். துருவின் பிடிவாதமும் தெரியும். இது அந்த ஜாதி இல்லை. இவர் பலத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டியது, இவர் தளர்த்தினால் அதுவும் தளர்த்தியது. கைமல்யுத்தம் பிடிக்கிறபோது எதிராளியின் கை அப்படித்தான் இருக்கும்.

கையை இழுத்துக்கொண்டார். பயந்துவிட்டோம் என்பது அவருக்கே தெரிந்தது, தெரிந்ததும் கோபம் பொங்கியது. ஐம்பத்திரண்டு வயதில், சொந்தப் பட்டறையில், பட்டப்பகலில் ஒரு பெடலைப் பார்த்துப் பயப்படுவதா!

கட்டுக்கம்பியை மூன்று புரியாக முறுக்கி, பெடலை இழுத்துத் தூக்கி ஸ்டியரிங் தண்டோடு சேர்த்துக் கட்டினார். இடுக்கியால் இறுக்கினார். லைட் அணைந்தது. "இப்ப மிதி பார்ப்போம்" என்று எழுந்து, பெஞ்சில் ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். மழை கொஞ்சம் தணிந்திருந்தது. கூரையின் ஓட்டையிலிருந்து வாளிக்குள் சொட்டுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. சொட்டு. சொட்டு. அதற்கு நடுவில் வேறொன்று. கம்பி இழுபடுகிற சத்தம், மெல்லியதாக, கீச்சென்று, நீண்டு. பிறகு ஒரு தெறிப்பு.

சுவர் சிவந்தது.

டீ கிளாஸைத் தரையில் வீசி உடைத்தார். அதே கையோடு போனை எடுத்துத் தங்கை புருஷனுக்குப் போட்டார்.

"மாப்ள, மாஸ்டர் எங்க செத்தாரு?"

"என்ன மச்சான் திடீர்னு... வண்டி பேப்பரை நாளைக்கே..."

"பேப்பரைத் தூக்கிக் குப்பையில போடு. எங்க செத்தாரு?"

"வீட்டுலதான்னு சொன்னேனே."

"மாப்ள."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"வண்டியிலதான் மச்சான். புதுசா ஒருத்தர் கத்துக்கிட்டிருந்தாரு. மேட்டுல ஏத்தும்போது வண்டி பின்னால உருள ஆரம்பிச்சிருச்சு. அந்தாளு பயந்து கையைக் காலை விட்டுட்டாரு. கீழ ஸ்கூல் விட்டு புள்ளைங்க வர்ற நேரம். மாஸ்டர் மிதிச்சாரு, வண்டி நின்னுடுச்சு. ஓட்டினவர் இறங்கி ஓடிட்டாரு. இவரு இறங்கல."

"அப்புறம்?"

"அரை மணி நேரமா பிரேக் லைட் எரிஞ்சுட்டே நிக்குதேன்னு ஒருத்தர் போய்ப் பார்த்திருக்காரு. உயிர் எப்பவோ போயிருக்கு. நாங்க போனோம். கால் மட்டும் வரல மச்சான். மூணு பேர் இழுத்தோம். பிரேக்குலேர்ந்து கால் வரவே இல்ல."

"இதை ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"பாப்பா அந்த வண்டிதான் வேணும்னா. சொன்னா நீங்க விடுவீங்களா?"

அதற்குமேல் பட்டாசு பேசியதை எழுத முடியாது. தங்கையின் தாலியை மட்டும் விட்டுவைத்து மீதி எல்லாவற்றையும் திட்டினார்.

மணி ஐந்தேகால். மகளுக்குப் போன் பண்ணி இந்த வண்டி வேண்டாம்மா என்று சொல்லிவிடலாம். சொல்லத்தான் நினைத்தார். பேரைக்கூட அழுத்திவிட்டார், மணி அடிப்பதற்குள் வெட்டிவிட்டார். என்னவென்று சொல்வது? அப்பனுக்குப் பேய் பயம், அதனால் நீ நாளைக்கு இருட்டில் நடந்து போ என்றா? இருபத்தெட்டு வருடத்தில் எந்த வண்டியையும் ஆகாது என்று திருப்பி அனுப்பியதில்லை. செத்த மனிதரின் காலுக்குப் பயந்து மகளின் வண்டியையா முதலில் அனுப்புவது? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவருடைய மனைவி தினமும் சொல்வாள். சொல்லிச் சொல்லி அவருக்கு அது ஒரு பாராட்டு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

நேராகப் போய் ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்துச் சீட்டைப் பார்த்தார்.

சீட்டு காலியாக இருந்தது. ஆனால் சீட்டின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. கீழே, பெடல் கழற்றிய இடத்தில், ரப்பர் மிதியடி ஒரு குதிகால் அளவுக்குக் குழிந்திருந்தது. தைல வாடை கண்ணை எரித்தது.

கத்தினார். பயத்தில் குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் பலமாகக் கத்தினார்.

"யோவ் மாஸ்டர்! போதும்யா! வண்டி வித்தாச்சு, கிளாஸ் முடிஞ்சு போச்சு. எத்தனை நாளைக்குய்யா மிதிச்சுக்கிட்டே கிடப்பே? உன் பயத்தை அவளுக்கும் ஏத்தி ரெண்டு தடவை ஃபெயிலாக்கினே. இது என் பொண்ணோட வண்டி! நான் பார்த்துப் பார்த்துக் கட்டின வண்டி! இதுல எல்லாம் சரியா இருக்கு. நீ ஒண்ணும் புடிக்க வேணாம். காலை எடுய்யா! எறங்கு!"

எட்டி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து விட்டார்.

"எறங்குடா வெளிய!"

மழை. வாளியில் சொட்டு.

மிதியடியின் குழி மெல்ல நிமிர்ந்தது. பெடல் மேலே வந்து டிக் என்று உட்கார்ந்தது. சீட்டின் மெத்தை பெருமூச்சு விட்டது. வண்டி அந்தப் பக்கமாக லேசாகச் சாய்ந்தது. பிறகு, ஒரு ஆள் இறங்கினால் எப்படித் தூக்குமோ அப்படித் தூக்கி நேரானது.

பின்சுவர் இருட்டாகிவிட்டது.

அந்த இருட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "அப்படி வா வழிக்கு" என்றார். பெடலை மிதித்தார்: எரிந்தது. எடுத்தார்: அணைந்தது. பத்துத் தடவை பார்த்தார். காலுக்குக் கல் மாதிரி கெட்டியாக நின்றது பிரேக். ஊரில் எவனும் சரிபண்ணாத ஒன்றைச் சரிபண்ணிவிட்ட திமிர் அவருக்கு வந்தது. ஹோஸ் பைப்பைப் பிடித்து வண்டியைக் கழுவினார், கிளாஸ் சில்லுகளையும் சேற்றையும் தரையோடு தள்ளிவிட்டார். சிமெண்டுத் தரை முழுக்க மெல்லியதாகத் தண்ணீர் நின்று டியூப் லைட்டைக் காட்டியது.

கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சருகே வந்தபோது தைல வாடை அடித்தது. காருக்குள் இல்லை. இங்கே, தோளுக்குப் பக்கத்தில்.

"இன்னும் போகலையா?" என்று திரும்பாமலே சொன்னார். "ஷட்டரை சாத்தப் போறேன்."

ஆறு மணிக்குக் குடையை மடக்கிக்கொண்டு மகள் வந்தாள். காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அப்பா, புதுசு மாதிரி இருக்கு!"

"பின்ன? யார் கை பட்டது!"

உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், பெல்ட்டை மாட்டினாள், எல்லாம் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த வரிசையில். பிறகு பக்கத்தில் பெடல் இல்லாத காலி இடத்தைப் பார்த்தாள்.

"மாஸ்டர் கால் பக்கத்துல இல்லாம நான் ஓட்டறது இதுதான்ப்பா முதல் தடவை."

"அதான் நல்லது. அந்தாளு உன்னைப் பயந்தாங்கொள்ளி ஆக்கி வச்சிருந்தாரு."

"இல்லப்பா. நான் தப்புப் பண்ணா புடிக்க ஒருத்தர் இருக்காருன்னு தைரியம்தான் இருந்துச்சு." சாவியைத் திருப்பினாள். "நீங்களும் ஏறுங்களேன்."

"நீ போம்மா. கடையைச் சாத்திட்டு நான் பைக்குல பின்னாலயே வரேன். அம்மாகிட்ட முதல்ல நீ காட்டு."

வண்டி மெதுவாக நகர்ந்தது. வாசல் விளிம்பில் ஒரு தடவை பிரேக் பிடித்தாள். இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிந்தன, வண்டி அடக்கமாக நின்றது, ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டினாள். லைட் அணைந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்கினாள். அவருக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

தொப்.

பின்னால், பட்டறைக்குள்.

அவர் திரும்பவில்லை. கூரையிலிருந்து ஏதாவது விழுந்திருக்கும்.

தொப்.

தண்ணீர் நிற்கிற தரையில் ஒரு கால் பலமாக மிதிக்கிற சத்தம்.

திரும்பினார். கார் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், ஈரத் தரையில், ஒரு ஒற்றைக் கால் தடம். தண்ணீர் விலகி, அதன் நடுவில் சிமெண்ட் காய்ந்து தெரிந்தது. தண்ணீர் மூடியது. மறுபடி விலகியது. தொப். அதே இடம். அதே கால். இப்போது முன்னைவிட வேகமாக.

எதற்கு மிதிக்கிறார்?

எதற்கு?

அந்தக் கேள்வி வந்த பிறகுதான் அவருடைய விரல்களுக்கு ஞாபகம் வந்தது. காலையில் மாஸ்டர் பெடலின் கம்பியைக் கழற்ற, இந்தப் பக்கத்துப் பெடலைப் பிரேக்கோடு இணைக்கிற பின் ஆணியை உருவ வேண்டியிருந்தது. கம்பியை எடுத்தார். ஆணியைத் திரும்ப உள்ளே தள்ளினார். அது நழுவிவிட்டால் மிதிப்பது பிரேக்குக்குப் போகாது; நழுவாமல் இருக்க முனையில் ஒரு சின்ன லாக் மாட்ட வேண்டும். ஆணியைத் தள்ளியது விரலுக்கு ஞாபகம் இருந்தது. லாக் மாட்டியது ஞாபகம் இல்லை. மாட்டவில்லை. மத்தியானம் முழுக்க அந்தப் பெடலுக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்திருக்கிறார், அந்த ஆணி கண்ணுக்கு நேரே நாலு விரல் கீழே இருந்திருக்கிறது, அவர் வயரைப் பார்த்திருக்கிறார். கரண்டுக்காரன் வயரைத்தானே பார்ப்பான்.

"பாப்பா!"

ஓடினார். வாசலில் வழுக்கி முட்டியில் விழுந்தார்.

"பாப்பா! ஹேண்ட் பிரேக்கைத் தூக்கு!"

மழை அவருடைய குரலை அங்கேயே அமுக்கியது. கண்ணாடிகள் ஏறியிருந்தன. கார் பாதி இறக்கத்தைத் தாண்டிவிட்டது. அடியில் பெரிய ரோட்டில் லாரி வெளிச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தன.

பிரேக் லைட் எரிந்தது.

அழகாக எரிந்தது. இரண்டும் ஒரே அளவில். அவர் மாட்டிய சுவிட்ச் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. வண்டி நிற்கவில்லை.

அவருக்குப் பின்னால், யாரும் இல்லாத பட்டறையின் ஈரத் தரையில், அந்தக் கால் அதே தாளத்தில் மிதித்துக்கொண்டிருந்தது. தொப். தொப். தொப். லைட் எரிகிற ஒவ்வொரு தடவையும்.